'போஸ்ட்கிரெஸில் இந்த வசதி ஏன் இல்லை?' கேட்கப் போகும் முன் படிக்க ஒரு வழிகாட்டி

தரமணியிலோ சிறுசேரியிலோ டேட்டாபேஸ் பக்கம் வேலை பார்க்கிற யாரைக் கேட்டாலும் கையில் ஒரு குறைப்பட்டியல் இருக்கும். ஆரக்கிளில் இருப்பது போஸ்ட்கிரெஸ் என்ற கட்டற்ற (யாரும் எடுத்துப் பயன்படுத்தி மாற்றக்கூடிய) டேட்டாபேஸில் ஏன் இல்லை? மைஎஸ்கியூஎல்லில் ஒரே வரியில் முடிவது இங்கே ஏன் சுற்றி வளைக்கிறது? பெரும்பாலும் அந்தப் பட்டியல் டீக்கடைப் பேச்சோடு நின்றுவிடும். கேட்க வேண்டிய இடத்துக்கே போய்க் கேட்டவர்களிலும் பலர் ஒரு வரிப் பதிலோடு திரும்பியிருப்பார்கள். சிலருக்குப் பதிலே வந்திருக்காது.

காசு கொடுத்து வாங்கிய மென்பொருளில் கேட்கிற மாதிரி கேட்பதுதான் இதற்குப் பெரும்பாலும் காரணம். அங்கே டிக்கெட் போட்டால் ஒரு புராடக்ட் மேனேஜர் எடுத்து வரிசைப்படுத்துவார். போஸ்ட்கிரெஸ் போன்ற கட்டற்ற திட்டத்தில் அந்த நாற்காலியே கிடையாது. யாருடைய நேரம் எதில் போகிறதோ அதுவே முன்னுரிமை. வசதி நல்லதா கெட்டதா என்ற பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும். சேர்த்த பிறகு அடுத்த பத்து வருஷம் இதை யார் பார்த்துக்கொள்வது என்பதில்தான் சண்டை. மாடியில் ஓர் அறை எடுக்கிறேன் என்று சொன்னால் கீழ்வீட்டுக்காரர் தூண் தாங்குமா, மழைக்கு ஒழுகினால் யார் பார்ப்பது என்றுதானே கேட்பார்? அதே கேள்விதான் இங்கேயும். இந்தக் கேள்விக்குப் பதிலோடு போகிறவரின் மடலை மட்டும்தான் கடைசிவரை படிப்பார்கள்.

வாதம் முழுக்க பொது மின்மடல் குழுக்களில் ('லிஸ்ட்' என்பார்கள்) வெளிப்படையாக நடப்பதால் இந்தக் கட்டுரை பெரும்பாலும் போஸ்ட்கிரெஸை வைத்தே போகிறது.

1. முடிவு யார் கையில் என்று தெரிந்துகொள்ளுங்கள்

போஸ்ட்கிரெஸில் 7 பேர் கொண்ட கோர் டீம் உண்டு. அதில் பாதிக்கு மேல் ஒரே நிறுவனத்தின் ஆட்கள் இருக்கக் கூடாது என்பது நெடுநாள் வழக்கம். 2020இல் போஸ்ட்கிரெஸ் சேவை தரும் ஈடிபி நிறுவனம் அதே தொழிலில் இருந்த செகண்ட்குவாட்ரன்டை வாங்கியபோது இது பெரிய பேச்சானது. ஆனால் எந்த வசதி உள்ளே வரும் என்பதை இந்த ஏழு பேர் தீர்மானிப்பதில்லை. கமிட் உரிமை, அதாவது மையக் கோடில் மாற்றத்தைச் சேர்க்கும் உரிமை, உள்ளவர்கள் (கமிட்டர்கள்) சுமார் 30 பேர். அவர்களில் ஒருவர் உங்கள் பேட்சை (நீங்கள் எழுதிய கோடு மாற்றத்தை) எடுத்துத் தன் பெயரில் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு அதில் வரும் பக்குக்கு (பிழைக்கு) அவர்தான் பதில் சொல்ல வேண்டும். சக கமிட்டர் ஒருவர் காரணத்தோடு கடுமையாக எதிர்த்தால் பேட்ச் நிற்கும். வாக்கெடுப்பு என்று ஒன்று கிடையாது. லிஸ்டில் ஆதரவாக '+1' என்று போடுவார்கள். எண்ணி வெற்றி அறிவிக்க மாட்டார்கள். காரணம் இல்லாத இருபது +1ஐவிட, 'எங்கள் சர்வரில் ஓட்டிப் பார்த்தேன், இந்த இடத்தில் உடைகிறது' என்ற ஒரு மடலுக்குத்தான் மதிப்பு. ஆபீஸ் நண்பர்கள் பத்துப் பேரைக் கூட்டிவந்து +1 போட வைப்பது வினையாக முடியும்.

மற்ற இடங்களில் கதை வேறு. மைஎஸ்கியூஎல் ஆரக்கிளின் சொத்து. பக் தளத்தில் 'எஸ்4' என்ற தீவிர நிலையில் வசதிக் கோரிக்கையைப் பதியலாம். முடிவு நிறுவனத்துக்குள்ளே நடக்கும். கோடு கொடுக்க ஆரக்கிளின் பங்களிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். அங்கே பொறுமைக்கு அளவுகோல் வேண்டுமென்றால் 199ஆம் எண் பக்கைப் பாருங்கள். சர்வரை மறுபடி தொடங்கினால் இன்னோடிபி (மைஎஸ்கியூஎல்லின் சேமிப்புப் பகுதி) வரிகளுக்குத் தானாகப் போடும் எண் பின்னால் போய்விடும் என்று 2003இல் பதிவானது, சரியானது 8.0 பதிப்பில், அது பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது 2018இல். மைஎஸ்கியூஎல்லிலிருந்து பிரிந்த மரியாடிபியில் எல்லாம் ஜிரா என்ற தளத்தில் டிக்கெட்டாக நடக்கிறது.

எஸ்கியூலைட் என்ற சிறிய டேட்டாபேஸ் தனி ரகம். கோடு பொதுவுடைமை, யாரும் எடுக்கலாம். ஆனால் வெளியாட்களின் கோடை வழக்கமாக ஏற்பதில்லை. அதை உருவாக்கிய ரிச்சர்ட் ஹிப்பும் அவருடைய சிறு அணியும்தான் எழுதுகிறார்கள். யோசனை சொல்லலாம், அவர்களுக்குப் பிடித்தால் அவர்களே எழுதுவார்கள். 2050 வரை பழைய கோப்புகளைப் படிக்க முடியும் என்ற வாக்குறுதி வேறு இருக்கிறது. அதன் பிரைமரி கீயில் (ஒவ்வொரு வரியையும் அடையாளம் காட்டும் பத்தியில்) 'நல்' என்ற வெற்று மதிப்பு நுழைய முடிவது ஆரம்பகாலப் பக். இன்றுவரை அப்படியே விட்டிருக்கிறார்கள், திருத்தினால் அதை நம்பி ஓடும் பழைய செயலிகள் உடையும் என்பதால். அங்கே போய் 'இது தவறு, மாற்றுங்கள்' என்று வாதாடி நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

2. ஏற்கெனவே இருக்கிறதா?

நம் ஊரிலிருந்து அடிக்கடி கிளம்பும் ஒரு குறையையே எடுத்துக்கொள்வோம்: 'போஸ்ட்கிரெஸ் தமிழ்ப் பெயர்களைத் தப்பாக அடுக்குகிறது.' சோதிக்க இரண்டு சொல் போதும், அப்பா, அன்பு. 'சி' என்ற கொலேஷனில் (அடுக்கு விதியில்) உருவாக்கிய டேட்டாபேஸில் அன்பு முன்னால் வரும். யூனிகோடில் ன-வின் எண் ந-வை ஒட்டி, ப-வுக்கு முன்னால் இருப்பதே காரணம். அகரவரிசைப்படி ன கடைசி மெய். அப்பாதான் முதலில் வர வேண்டும். வாக்காளர் பட்டியலோ பள்ளி வருகைப் பதிவோ தயாரிப்பவருக்கு இது உண்மையான தலைவலிதான்.

ஆனால் 2017இல் வந்த 10ஆம் பதிப்பிலிருந்தே ஐசியு என்ற பன்மொழி நிரல் நூலகத்தின் கொலேஷன்கள் போஸ்ட்கிரெஸில் உண்டு. ஆர்டர் பை-க்குப் பின்னால் கொலேட் என்று போட்டு 'டிஏ-எக்ஸ்-ஐசியு' என்ற கொலேஷன் பெயரை இரட்டை மேற்கோளில் கொடுத்தால் அப்பா முன்னால் வந்துவிடுவார். இது தெரியாமல் கோரிக்கை மடல் போட்டால் முதல் பதிலிலேயே இந்த ஒரு வரி வரும், அத்தோடு விஷயம் முடிந்தது.

தமிழ்ச் சொல்லின் வேரைப் பிரித்துத் தேடும் வசதியும் அப்படித்தான். 2019இல் வெளியான 12ஆம் பதிப்பிலிருந்து முழு உரைத் தேடலில் தமிழ் இருக்கிறது. அது வந்த வழியைக் கவனியுங்கள். வேர்ப் பிரிப்பு விதிகள் ஸ்னோபால் என்ற தனித் திட்டத்தில் இருந்தன. போஸ்ட்கிரெஸ் அங்கிருந்து புதுப்பித்துக்கொண்டபோது தமிழோடு அரபி, நேபாளி, லிதுவேனியன் எல்லாம் சேர்ந்தே வந்தன. இன்று ஒரு சொல்லின் வேர் தப்பாகப் பிரிந்தால் முறையிட வேண்டிய இடம் ஸ்னோபால். அடுக்கு வரிசையில் பிழை என்றால் ஐசியுவும் அதற்குத் தரவு தரும் யூனிகோட் அமைப்பும். வீட்டு எண் மாறிப் போன தபால்கள் இந்த விஷயத்தில் ஏராளம்.

3. பழைய வாதத்தைத் தோண்டுங்கள்

போஸ்ட்கிரெஸ் மடல் காப்பகம் 1990களின் பிற்பகுதியிலிருந்தே இருக்கிறது. உங்கள் யோசனை யாருக்கும் தோன்றாதது என்று நினைத்தால் இன்னொரு முறை தேடுங்கள். வடிவமைப்பு பேசும் ஹேக்கர்ஸ் லிஸ்டின் காப்பகத்தில் வசதியின் பெயரை மட்டும் போட்டுத் தேடினால் கிடைக்காது. வேறு டேட்டாபேஸ்களில் அதற்கு என்ன பெயரோ அதையும் போடுங்கள்.

விக்கியில் டூடூ பட்டியல் ஒன்று இருக்கிறது. அதைச் செய்ய வேண்டிய வேலைகளின் வரிசை என்று நம்பி உள்ளே இறங்குவதுதான் புதியவர்கள் எல்லோரும் மாட்டும் பொறி. பட்டியலின் தலையிலேயே எச்சரிக்கை இருக்கிறது: பல உருப்படிகள் தேவையற்றுப் போயிருக்கலாம், எழுதத் தொடங்கும் முன் லிஸ்டில் பேசுங்கள் என்று. பல வருஷமாக அங்கே தங்கியிருக்கும் உருப்படி எளிதாக இருந்திருந்தால் யாராவது முடித்திருப்பார்கள். அது தங்கியிருப்பதற்குக் காரணம் வடிவமைப்பில் உடன்பாடு வராததுதான்.

அதே பக்கத்தில் 'வேண்டாம்' பகுதியும் உண்டு. ஆரக்கிள் பாணி ஹின்ட் (கேள்வியை எந்த வழியில் ஓட்ட வேண்டும் என்று டேட்டாபேஸுக்கு நாமே சொல்லும் குறிப்பு) பல வருஷங்களாக அதில் இருந்தது. மறுப்பவர்களின் காரணங்களைப் படித்துப் பாருங்கள். ஹின்ட் வைத்த கோடைப் பராமரிப்பது சிரமம். பதிப்பு உயரும்போது பழைய ஹின்ட் புதிய பிளானரின் (அந்த வழியைத் தானே தேர்ந்தெடுக்கும் பகுதியின்) கையைக் கட்டும். இன்று ஆயிரம் வரிக்குச் சரியாக இருந்தது நாளை கோடி வரிக்குக் கெடுதல் செய்யும். எல்லாவற்றுக்கும் மேல், ஹின்ட் போட்டுச் சமாளித்துக்கொள்பவர் பிளானரின் பக்கைத் தெரிவிக்கவே மாட்டார். கடைசிக் காரணம் கொஞ்சம் கடுமையானது. இரவு 2 மணிக்கு புரொடக்‌ஷன் படுத்துவிட்டால் யாருக்கும் இந்தத் தத்துவம் ருசிக்காது. ஆனாலும் வாதாடப் போகிறவர் இந்த நான்கையும் எதிர்கொள்ளாமல் 'எல்லா டேட்டாபேஸிலும் இருக்கிறதே' என்று ஆரம்பித்தால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள்.

ஒரு முறை 'வேண்டாம்' என்றால் அது நிரந்தரமும் இல்லை. ஒவ்வொரு இணைப்புக்கும் தனி புராசஸ் என்பதை விட்டு த்ரெட்டுக்கு (ஒரே புராசஸுக்குள் ஓடும் இழைகளுக்கு) மாறுவதும் அந்த வேண்டாத பட்டியலில்தான் இருந்தது. 2023 ஜூனில் மூத்த கமிட்டர் ஒருவரே அதை மறுபடி மேசைக்குக் கொண்டுவந்தார். எக்ஸ்டென்ஷன்கள் (வெளியே எழுதி இணைக்கும் கூடுதல் வசதிகள்) என்ன ஆகும், குளோபல் மாறிகளை என்ன செய்வது, எத்தனை ரிலீஸுக்கு இரண்டையும் சேர்த்துத் தாங்குவது என்றே வாதம் நீண்டது. பழைய முடிவைத் திறக்க வேண்டுமென்றால், அன்று இருந்த எந்தக் காரணம் இன்று மாறியிருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

4. தீர்வை ஒதுக்கி வைத்துவிட்டுச் சிக்கலை எழுதுங்கள்

இதுதான் முக்கியமான படி. ஓர் உதாரணத்தைக் கடைசிவரை கொண்டுபோய்ப் பார்ப்போம்.

தி.நகரில் ஒரு துணிக்கடைக்கு பில்லிங் மென்பொருள் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பில் டேபிளை மாதவாரியாக பார்ட்டிஷன் செய்து துண்டுகளாகப் பிரித்திருக்கிறீர்கள். பில் எண் எந்த மாதத்திலும் திரும்ப வரக் கூடாது. யூனிக் (ஒரே மதிப்பு இரு முறை வரக் கூடாது என்ற கட்டுப்பாடு) போடப் போனால், பார்ட்டிஷன் கீயில் உள்ள எல்லாப் பத்திகளும் யூனிக்கில் இருக்க வேண்டும் என்று போஸ்ட்கிரெஸ் மறுக்கிறது. தேதியைச் சேர்த்து யூனிக் போட்டால் அதே எண் வேறு தேதியில் நுழைந்துவிடும். உடனே கை பரபரக்கும்: 'எல்லாப் பார்ட்டிஷனுக்கும் பொதுவான குளோபல் இண்டெக்ஸ் வேண்டும்.'

இந்தக் கோரிக்கை பல முறை வந்து போனது. வரக்கூடிய எதிர்ப்புகளைச் சொல்லிவிடலாம். பார்ட்டிஷன் வைப்பதன் பெரிய லாபமே பழைய மாதத்தைச் சட்டென்று கழற்றி எறிவது. குளோபல் இண்டெக்ஸ் இருந்தால் கழற்றும்போது அதிலிருந்து அந்த மாதத்தின் பதிவுகளை எல்லாம் துடைக்க வேண்டும். ஒரு சிறு பார்ட்டிஷனை வேக்யூம் செய்தாலும் (செத்த வரிகளைத் துப்புரவு செய்தாலும்) அந்த ராட்சத இண்டெக்ஸ் முழுவதையும் நடக்க வேண்டிவரும். இண்டெக்ஸில் இப்போது இருக்கும் வரிமுகவரி எந்தப் பார்ட்டிஷன் என்று சொல்லாது. அதற்கு வடிவத்தையே மாற்ற வேண்டும். 8 கேபி பிளாக்கில் ஒரு டேபிளுக்கு 32 டிபி என்ற எல்லை இண்டெக்ஸுக்கும் பொருந்தும். இவற்றில் ஒவ்வொன்றும் பல மாத வேலை.

இப்போது சிக்கலை மட்டும் எழுதிப் பாருங்கள். பில் எண் ஏன் திரும்பக் கூடாது? ஜிஎஸ்டி விதி 46. அது என்ன கேட்கிறது? 16 எழுத்துக்கு மிகாத தொடர் எண், ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வரக் கூடாது; ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகளும் வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் மாதம் என்ற பிரிவு எங்கிருந்து வந்தது? யாரோ ஒரு பயிற்சிப் பாடத்தில் பார்த்தது. நிதியாண்டு என்ற பத்தியை வைத்து அதன்படி பார்ட்டிஷன் செய்து, நிதியாண்டும் பில் எண்ணும் சேர்ந்த யூனிக் போட்டால் விதியும் நிறைவேறும், டேட்டாபேஸும் மறுக்காது. ஒன்றைக் கவனியுங்கள்: நிதியாண்டுக்குள்ளே மறுபடி மாதவாரியாக உட்பிரிவு செய்தால் பழைய சிக்கல் திரும்ப வரும், உட்பிரிவின் கீயும் யூனிக்கில் இருந்தாக வேண்டும் என்பதால்.

லிஸ்டில் அடுத்த கேள்வியும் வரும்: எவ்வளவு டேட்டா? மூன்று கிளை, கிளைக்கு நாளுக்கு 4,000 பில் என்றால் வருஷத்துக்கு சுமார் 44 லட்சம் பில். பில்லுக்கு 5 உருப்படி என்றால் உருப்படி டேபிளில் 2.2 கோடி வரிசை. இதற்குப் பார்ட்டிஷனே தேவையில்லை, சாதாரண டேபிளும் நல்ல இண்டெக்ஸும் போதும் என்பார்கள். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தைச் சேர்த்தாலும் கணக்கு பெரிதாக மாறாது. பழைய மாதத்தை எறிய வேண்டிய அவசரமும் இல்லை: ஆண்டறிக்கை தாக்கல் செய்யும் கடைசி நாளிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்கச் சொல்கிறது ஜிஎஸ்டி சட்டம்.

ஆக, கோரிக்கை தானாகக் கரைந்துவிட்டது. இப்படிக் கரையாத கோரிக்கையைத்தான் லிஸ்டுக்கு எடுத்துப் போக வேண்டும். ஒரு பணப் பரிமாற்ற சர்வீஸில் நாளுக்குக் கோடிக்கணக்கில் வரிகள், பரிவர்த்தனை எண் தேதியோடு சம்பந்தமே இல்லாமல் தனித்து இருக்க வேண்டும், 90 நாளுக்கு ஒரு முறை பழையது போயாக வேண்டும் என்றால், அங்கே பேசுவதற்கு விஷயம் இருக்கிறது.

5. மடல்

பக் என்று சந்தேகமென்றால் பக்ஸ் லிஸ்ட். எப்படிச் செய்வது என்ற கேள்விக்கு ஜெனரல் லிஸ்ட். வடிவமைப்பு, பேட்ச் பற்றியெல்லாம் ஹேக்கர்ஸ். சேராமல் அனுப்பினால் மட்டுறுத்தலில் காத்திருக்கும், முதலில் சேர்ந்துவிடுங்கள்.

மடலில் இருக்க வேண்டியவை: பதிப்பு எண் கடைசி இலக்கம் வரை, டேபிளில் எத்தனை வரி, எவ்வளவு ஜிபி, நொடிக்கு எத்தனை முறை டேபிளில் எழுதப்படுகிறது, எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் (கேள்வி ஓடிய விதத்தைக் காட்டும் கட்டளை) வெளியீடு, இப்போது எப்படிச் சமாளிக்கிறீர்கள், அந்தச் சமாளிப்பு எந்த இடத்தில் முறிகிறது. முன்பு இதே பொருளில் நடந்த வாதத்தின் சுட்டியும் அவசியம். காலி டேட்டாபேஸில் அப்படியே ஒட்டி ஓட்டக்கூடிய 10, 15 வரி எஸ்கியூஎல் கொடுத்தால் பதில் வரும் வாய்ப்பு பல மடங்கு கூடும், ஏனென்றால் படிப்பவர் உடனே ஓட்டிப் பார்க்கலாம். ஸ்க்ரீன்ஷாட் வேண்டாம், எழுத்தாகவே ஒட்டுங்கள்.

காப்பகம் பொதுவெளி, அழிக்கவும் மாட்டார்கள். வங்கிக்கோ மருத்துவமனைக்கோ வேலை செய்பவர் எக்ஸ்பிளெய்ன் வெளியீட்டில் உள்ள டேபிள் பெயர், பத்திப் பெயர், வடிகட்டும் மதிப்பு எல்லாவற்றையும் மாற்றிவிட்டே ஒட்ட வேண்டும். 'இந்த மடல் ரகசியமானது' என்று ஆபீஸ் மெயில் தானாக ஒட்டும் அடிக்குறிப்பு அங்கே நகைப்புக்குரியது. சொந்த மெயிலில் இருந்து அனுப்புங்கள்.

பதில் எழுதும்போது எல்லோருக்கும் பதில் என்பதை அழுத்துங்கள். பழைய மடல் முழுவதையும் கீழே தொங்கவிட்டு மேலே எழுதாமல், தேவையான வரிகளை மட்டும் மேற்கோளாக வைத்து அதனதன் கீழே எழுதுவதே அங்கத்திய பழக்கம். இன்னொன்று: 'டியர் சார்', 'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்', 'அர்ஜென்ட்' மூன்றும் வேண்டாம். நமக்கு மரியாதையாகத் தோன்றுவது அங்கே கால் சென்டர் வாடை அடிக்கும். முதல் பெயரைச் சொல்லி அழைப்பது அங்கே இயல்பு. இருபது வருஷ அனுபவக்காரரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், மறுத்தும் பேசுவார்கள். கூச்சப்பட வேண்டியதில்லை.

6. பதில்களைப் படிக்கும் விதம்

'பேட்ச் கொண்டுவந்தால் பார்க்கலாம்' என்றால் எதிர்ப்பு இல்லை, ஆனால் செய்யப் போவதும் நான் இல்லை என்று அர்த்தம். 'முதலில் டிசைனைப் பேசுவோம்' என்றால் கோடு எழுதுவதை நிறுத்துங்கள். எழுதியதைத் தூக்கிப் போட வேண்டியிருக்கும். '-1' என்பது ஒருவரின் கருத்து, தீர்ப்பு இல்லை. ஆனால் அந்தப் பகுதியைப் பல வருஷமாகப் பராமரிப்பவர் போட்டால் அவரைச் சமாதானப்படுத்தாமல் மேலே போக முடியாது. அவர் யார் என்று அந்தக் கோப்பின் வரலாற்றைக் கிட்டில் (கோடு மாற்றங்களைப் பதியும் கருவி) பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒரு வசதியின் உள்வேலையை எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகு அதற்கு என்ன பெயர், செட்டிங் ஆனா ஆஃபா என்று நாற்பது மடல் ஓடுவதும் நடக்கும். பைக்‌ஷெட்டிங் என்பார்கள். எரிச்சலாக இருந்தாலும் நல்ல அறிகுறி: பெரிய எதிர்ப்பு தீர்ந்துவிட்டது. இரண்டு பெயரை முன்வைத்து, எதிர்ப்பு இல்லாவிட்டால் முதலாவதை வைக்கிறேன் என்று முடித்துவிடுங்கள்.

மௌனம்தான் குழப்பும். பிடிக்கவில்லை என்று அதற்கு அர்த்தம் கொள்ளாதீர்கள்; பெரும்பாலும் நேரமில்லை என்பதே விஷயம். இரண்டு வாரம் விட்டு நினைவூட்டலாம். வெறும் 'எனி அப்டேட்?' மடலுக்குப் பலன் இல்லை. புதிதாக ஒன்று, ஒரு பெஞ்ச்மார்க்கோ திருத்திய பேட்சோ சேர்த்து அனுப்புங்கள். நேரக் கணக்கும் உதவும்: ஐரோப்பாவின் மையப் பகுதியில் காலை 9 என்பது சென்னையில் கோடையில் பகல் 12.30, குளிர்காலத்தில் 1.30. அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை 9 இங்கே மாலை 6.30 அல்லது 7.30. மாலையில் அரை மணி நேரம் ஒதுக்கினால் அன்றே இரண்டு சுற்றுப் பேசிவிடலாம்.

7. காலண்டர்

போஸ்ட்கிரெஸில் பேட்சுகள் கமிட்ஃபெஸ்ட் என்ற ஒரு மாதச் சுற்றுகளில் பரிசீலிக்கப்படுகின்றன: ஜூலை, செப்டம்பர், நவம்பர், ஜனவரி, மார்ச். ஏப்ரல் தொடக்கத்தில் கதவு சாத்தப்படும். 2024, 2025 இரண்டிலும் ஏப்ரல் 8. புதிய பதிப்பு வழக்கமாக செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ. பெரிய பேட்சை முதன்முதலாக மார்ச்சில் கொண்டுவருவது வீண். கடைசிச் சுற்றில் புதிய பெரிய வேலையை எடுப்பதில்லை என்பது வழக்கம். பெரிய யோசனைக்கு நல்ல நேரம் ஜூலை. கதவு சாத்திய பிறகு மே, ஜூனில் எல்லோரும் பக் திருத்துவதில் இருப்பார்கள். அப்போது புது வசதியைப் பேசினால் முகம் சுளிப்பார்கள்.

உள்ளே போனதும் நிம்மதி என்று நினைக்க வேண்டாம். மெர்ஜ் கட்டளை 2018 ஏப்ரலில் சேர்க்கப்பட்டு அதே மாதம் திரும்பப் பெறப்பட்டது. கடைசியில் வந்தது 2022இல், 15ஆம் பதிப்பில். அதே 15க்காகச் சேர்த்த எஸ்கியூஎல்/ஜேசன் வசதிகள் வெளியீட்டுக்குச் சில வாரம் முன்னால் வெளியே போயின; அதில் ஜேசன் டேபிள் 17இல்தான், 2024இல் வந்தது. ஒரு தரம் வெளியான இலக்கணத்தை ஐந்து வருஷம் தாங்க வேண்டும். அதனால் பாதி வெந்ததை விடமாட்டார்கள்.

8. பேட்ச் எழுதும் முன் ரிவியூ

நீங்கள் ஒரு பேட்ச் கொடுத்தால், ஏறத்தாழ அதே கடினத்தில் இன்னொருவருடையதை ரிவியூ செய்ய வேண்டும் என்பது கமிட்ஃபெஸ்ட் எதிர்பார்ப்பு. பற்றாக்குறை கோடுக்கு இல்லை, ரிவியூவுக்குத்தான். எனவே புதியவர் பெயர் வாங்கக் குறுக்குவழி இதுவே. சி மொழியில் கரைகண்டவராக இருக்க வேண்டியதில்லை. கமிட்ஃபெஸ்ட் தளத்தில் 'நீட்ஸ் ரிவியூ' நிலையில் உள்ள சிறிய ஒன்றை எடுங்கள். மாஸ்டர் கிளையில் கிட் ஏஎம் மூலம் பொருந்துகிறதா பாருங்கள். அசெர்ட், டீபக், டாப் டெஸ்ட் என்ற சோதனைத் தெரிவுகள் மூன்றையும் இயக்கி பில்ட் செய்யுங்கள். அசெர்ட் இல்லாத பில்டில் பாதித் தவறுகள் கண்ணில் படாது. எல்லாச் சோதனைகளையும் நடத்தும் மேக் செக்-வேர்ல்ட் கட்டளையை ஓட்டுங்கள். பிறகு ஆவணத்தைப் படித்து அதில் சொன்னபடி நடக்கிறதா, நல் மதிப்பு, காலி டேபிள், பார்ட்டிஷன் டேபிள், ரெப்ளிகா ஆகியவற்றில் என்ன ஆகிறது என்று முயலுங்கள். பார்த்ததையும் பார்க்காததையும் எழுதுங்கள்.

சொந்த பேட்சில் கோடு, ரெக்ரெஷன் டெஸ்ட், ஆவணத் திருத்தம், ஏன் என்று சொல்லும் கமிட் செய்தி நான்கும் வேண்டும். கிட் ஃபார்மட்-பேட்சில் பதிப்பு எண்ணைக் கொடுத்து வி1, வி2 என்று அனுப்புங்கள். பெரியதென்றால் தொடர் பேட்சுகளாகப் பிரியுங்கள்: முதலில் நடத்தை மாறாத சுத்திகரிப்பு, பிறகு புதியது. கோடின் ஒழுங்கமைப்புக்குப் பிஜிஇன்டென்ட் கருவி. கேட்டலாக் (டேட்டாபேஸின் உள் அட்டவணைகள்) பதிப்பு எண்ணை நீங்கள் மாற்றாதீர்கள். நாளுக்கு நாள் மோதும், கமிட்டரே கடைசியில் மாற்றிக்கொள்வார். மாற்ற வேண்டும் என்று மடலில் ஒரு வரி போதும். சிஎஃப்பாட் என்ற சோதனை ரோபோ ஒவ்வொரு பேட்சையும் தானாகப் பொருத்தி ஓட்டிப் பார்க்கிறது. அங்கே சிவப்பு விழுந்த பேட்சை மனிதர் யாரும் திறக்க மாட்டார்கள். ரீபேஸ் செய்வது (புதிய மாஸ்டர் கோடுக்கு ஏற்ப மாற்றுவது) உங்கள் வேலை.

9. உள்ளே வராது என்றால்

எக்ஸ்டென்ஷனாக முடியுமா பாருங்கள். ஹின்டை மறுத்த அதே காலத்தில் பிஜி_ஹின்ட்_பிளான் எக்ஸ்டென்ஷனாக ஓடிக்கொண்டிருந்தது. புவித் தரவுக்கான போஸ்ட்ஜிஐஎஸ், வெக்டர் தேடலுக்கான பிஜிவெக்டர் இரண்டும் மையக் கோடுக்கு வெளியேதான். எக்ஸ்டென்ஷனுக்கு யாருடைய சம்மதமும் வேண்டாம், பயன்படுத்துவோர் எண்ணிக்கை பிறகு சாட்சியாகவும் நிற்கும். முழு எக்ஸ்டென்ஷன் முடியாவிட்டால், ஒரு ஹுக்கை (எக்ஸ்டென்ஷன் தன் கோடை மாட்டிக்கொள்ளும் கொக்கியை) மட்டும் மையத்தில் சேர்க்கக் கேளுங்கள். முப்பது வரி ஹுக்குக்கு வரும் எதிர்ப்பு மூவாயிரம் வரி வசதிக்கு வருவதைவிட மிகக் குறைவு. கிளவுடில் வாடகைக்கு எடுத்த போஸ்ட்கிரெஸ் என்றால் மட்டும் ஒரு சங்கடம்: அந்த நிறுவனம் அனுமதித்த எக்ஸ்டென்ஷன்களே ஓடும். அதை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

காசு கொடுத்தும் செய்விக்கலாம். கமிட்டர்களில் பெரும்பாலோர் ஏதாவது நிறுவனத்தின் சம்பளத்தில் இருப்பவர்கள். அந்நிறுவனங்கள் வேலையாக எடுத்துக்கொள்ளும். ஆனால் அவர்கள் விற்பது உழைப்பை. கமிட் ஆகும் என்று யாராவது உத்தரவாதம் தந்தால் சந்தேகப்படுங்கள். லிஸ்டில் அவர்களும் எல்லோரையும் போலத்தான் வாதாட வேண்டும்.

10. ஆபீஸ் அனுமதி

கடைசியில் வைத்திருந்தாலும் இதைப் பேட்ச் அனுப்பும் முன் முடிக்க வேண்டும். நம் ஐடி நிறுவனங்களின் வேலை ஒப்பந்தங்கள் பலவற்றில், வேலையில் இருக்கும் காலத்தில் எழுதிய கோடு எல்லாம் நிறுவனத்துக்கே என்ற வரி இருக்கும். சிலவற்றில் வார இறுதியில் சொந்த லேப்டாப்பில் எழுதியதும் அதில் அடங்கும். போஸ்ட்கிரெஸில் பங்களிப்பு ஒப்பந்தம் என்று தனியாகக் கையெழுத்துக் கேட்பதில்லை. நீங்கள் அனுப்பினாலே போஸ்ட்கிரெஸ் உரிமத்தில் தருகிறீர்கள் என்று பொருள். அப்படித் தர உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்பது உங்கள் பொறுப்பு. மேனேஜரின் வாய்வார்த்தை போதாது. எந்தத் திட்டம், எந்த உரிமம், சொந்த நேரமா ஆபீஸ் நேரமா என்று மூன்று வரியில் எழுதி, ஹெச்ஆர் அல்லது சட்டப் பிரிவிடமிருந்து மெயிலில் பதில் வாங்குங்கள். மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால், யோசனையை லிஸ்டில் பேசத் தொடங்கும் அதே வாரம் இதையும் தொடங்கிவிடுங்கள். வந்த அனுமதியைப் பிடிஎஃப்பாக வெளியே ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்; வேலை மாறும் நாளில் ஆபீஸ் மெயில் மாலைக்குள் மூடப்படும், பேட்சோ இன்னும் இரண்டு கமிட்ஃபெஸ்ட் ஓடிக்கொண்டிருக்கும். புது நிறுவனத்தில் சேர்ந்ததும் அங்கே மறுபடி ஒரு முறை கேட்க வேண்டும்.